தாளில் கோடு, நாவில் ஆங்கிலம்

1834இல் லண்டனில் ஒரு நூல் அச்சேறியது. இந்துக்களின் கட்டடக்கலையை விளக்கும் ஆங்கில நூல். கூடவே 48 படத்தகடுகள். எழுதியவர் ராம் ராஸ். 1790 வாக்கில் தஞ்சாவூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இந்தியக் கட்டடக்கலையைப் பற்றி இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நூலாக வரலாற்றாசிரியர்கள் பலர் இதைக் கருதுகிறார்கள்.

ராம் ராஸ் கட்டடம் கட்டியவர் அல்லர். ஆங்கிலம் கற்று, அதனால் மேலே வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். செய்த மொழிபெயர்ப்பு ஒன்று மேலதிகாரிகளின் கண்ணில் பட்டது. சென்னையில் கம்பெனி அதிகாரி எல்லீஸ் முன்னின்று தொடங்கிய கோட்டைக் கல்லூரியில் தலைமை ஆங்கில ஆசிரியரானார். பிறகு பெங்களூரில் நீதிபதி. சென்னையில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பியிருந்த ரிச்சர்டு கிளார்க் என்ற அதிகாரி தூண்டியதால்தான் சிற்ப நூல்களின் பக்கம் வந்தார்.

வந்தவருக்குக் காத்திருந்த வேலை எளிதானதல்ல. மானசாரம், மயமதம், காசியபம் என்று சுவடிகளைத் தேடினார். கிடைத்தவை சிதைந்தும் பிழை மலிந்தும் இருந்தன. சமஸ்கிருதம் கற்ற பண்டிதர்களிடம் கொண்டுபோனார். அவர்களுக்கு இலக்கணம் விளங்கியது; குமுதம், கபோதம் என்று வரும் உறுப்புகள் கோயிலில் எங்கே இருக்கின்றன என்று காட்டத் தெரியவில்லை. கல்தச்சர்களிடம் போனார். அவர்கள் அந்த உறுப்புகளை நாள்தோறும் செதுக்குகிறவர்கள். சுவடியின் மொழி அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு கம்மாளச் சிற்பி கிடைத்தார். தொழிலும் தெரிந்தவர், கலைச்சொற்களில் பெரும்பாலானவையும் தெரிந்தவர். அவருடைய துணையோடுதான் ராம் ராஸ் சுவடியின் வரிகளைக் கல்லோடு பொருத்திப் பார்த்தார். பீடம், தூண், விமானம், கோபுரம் என்று ஒவ்வொன்றையும் அளவோடு வரையச் செய்தார். கிரேக்கத் தூண்களோடு ஒப்பிட்டு எழுதினார். நூலின் முகப்பில் ராம் ராஸின் பெயரும் பதவியும் இருக்கின்றன. அந்தச் சிற்பி இல்லாவிட்டால் நூலின் பாதி இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவர்களின் இன்றைய திண்டாட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டுகிற அறிவு ஒரு மொழியிலும், அதை எடுத்துச் சொல்லும் அறிவு இன்னொரு மொழியிலும் இருக்கும் நிலை அப்போதே தொடங்கிவிட்டது. அடுத்து வந்த நூறு ஆண்டுகளில் இந்தப் பிளவு அலுவலகங்களாலும் பள்ளிகளாலும் கெட்டிப்பட்டது.

மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னைக் கோட்டைக்கு அருகே 8 மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி, 1858இல் சிவில் எஞ்சினியரிங் பள்ளியாகி, அடுத்த ஆண்டே கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் கலைப்பள்ளி தொடங்கினார். ஒன்று பொறியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் உரியது. மற்றது கைவினைஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் உரியது. இரண்டிலும் ஆர்க்கிடெக்ட் என்ற ஆளை உருவாக்கும் படிப்பு இல்லை. ஆர்க்கிடெக்ட் கப்பலில் வந்து இறங்குவார். 1864இல் நடந்த போட்டியில் வென்று சென்னைக்கு வந்த ராபர்ட் சிஸ்ஹோம் அப்படித்தான் வந்தார். அவருடைய செனட் ஹவுஸ் 1879இல் முடிந்தது. உயர் நீதிமன்றத்தின் வடிவத்துக்கு ஹென்றி இர்வினின் பெயர் நிலைத்தது. அந்த மாபெரும் செங்கல் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். 1892இல் அது திறக்கப்பட்டது.

அந்த வேலைத்தளத்தை எண்ணிப் பார்க்கலாம். வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலம். அடியும் அங்குலமும் ஆங்கிலக் கணக்கு. அந்தத் தாளுக்கும் கரணை பிடித்த கொத்தனாருக்கும் நடுவே சில ஆட்கள் இருந்தாக வேண்டும்: ஓவர்சியர், டிராஃப்ட்ஸ்மேன், மேஸ்திரி. ஆங்கிலம் கற்ற தமிழ்ப் பையனுக்குக் கட்டடத் துறையில் முதலில் கிடைத்த இடம் இந்த நடு இடம். வெள்ளைக்காரர் வரைந்த கோட்டைப் படியெடுப்பான், அளவு எழுதுவான், தளத்தில் நின்று தமிழில் சொல்வான். வடிவம் கொடுக்கும் வேலை அவனுக்கு இல்லை. துணைப் பணியாளர்களை உருவாக்குவதுதான் அன்றைய தொழிற்கல்வியின் நோக்கம். ஆங்கிலம் தெரிந்தால் படியெடுக்கலாம் என்ற அளவில் அது நின்றுவிட்டது.

பம்பாயிலும் தொடக்கம் டிராஃப்ட்ஸ்மேன் வகுப்புதான். 1857இல் தோன்றிய ஜே.ஜே. கலைப்பள்ளியில் அந்த நூற்றாண்டின் கடைசியில் வரைவாளர் வகுப்பு வந்தது. 1913இல் அது முழுமையான கட்டடக்கலைத் துறையாக வளர்ந்து, ராபர்ட் கேபிள் அதன் பேராசிரியரானார். அவரிடம் படித்த மாணவர்கள் 1917இல் ஒரு மாணவர் சங்கம் அமைத்தார்கள். அதுவே பெயர் மாறி மாறி 1929இல் இந்திய ஆர்க்கிடெக்ட்கள் நிறுவனமாயிற்று. நாட்டின் ஆர்க்கிடெக்ட் அமைப்பே மாணவர்களின் கூட்டத்திலிருந்து பிறந்தது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. பெரின் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் 1936இல் ஜே.ஜே. பள்ளியில் படித்து முடித்தார்; இந்தியாவில் தகுதி பெற்ற முதல் பெண் ஆர்க்கிடெக்ட் அவரே.

அதே பள்ளியில் 1947இல் சேர்ந்தவர் பாலகிருஷ்ண தோஷி. புனேயில் மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1950இல் லண்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹோட்ஸ்டன் நகரில் உலக நவீன ஆர்க்கிடெக்ட்களின் மாநாடு நடந்தது. சண்டிகர் நகரைப் பற்றி அங்கே பேச்சு வந்தபோது, அந்த நகரின் ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியேவிடம் வேலை கேட்கும் வாய்ப்பு தோஷிக்குக் கிடைத்தது. முதல் எட்டு மாதம் சம்பளம் இல்லை என்ற நிபந்தனையோடு பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. லெ கொர்பூசியேவின் ஆங்கிலம் அரைகுறை. தோஷியின் ஆங்கிலமும் தடுமாறும். இருவரும் அந்த உடைந்த ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள் என்று தோஷி பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பேச்சு நின்ற இடத்தில் பென்சில் தொடர்ந்தது. சண்டிகருக்கும் அகமதாபாத்துக்கும் உரிய வரைபடங்கள் அந்த மேசைகளில் உருவாயின.

1962இல் தோஷி அகமதாபாத்தில் ஒரு கட்டடக்கலைப் பள்ளி தொடங்கினார். 2018இல் அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். மொழித் தடுமாற்றம் வடிவ அறிவைக் குறைத்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடத் தேவையில்லை. ஆனாலும் நம் கல்லூரிகளில் ஒரு மாணவரின் வடிவ அறிவை அவருடைய ஆங்கிலப் பேச்சை வைத்து எடைபோடும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தின் பெயர் ஜூரி.

ஆர்க்கிடெக்சர் படித்த யாரிடமும் ஜூரி என்று சொன்னால் போதும், ஒரு கதை வரும். செமஸ்டர் முடிவில் மாணவர் தம் ஷீட்டுகளைச் சுவரில் குத்தி வைக்க வேண்டும். பிளான், செக்‌ஷன், எலிவேஷன், வியூ. பக்கத்தில் மேசைமேல் மாடல். ஃபோம் போர்டை வெட்டிய விரலில் பிளாஸ்டர். இரண்டு இரவுத் தூக்கம் போயிருக்கும். எதிரே ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் நின்றபடி தம் கான்செப்ட்டை விளக்க வேண்டும், ஆங்கிலத்தில். ஏன் இந்தப் படிக்கட்டு இங்கே வந்தது, மேற்கு வெயிலுக்கு என்ன செய்தாய், கார் எப்படித் திரும்பும் என்று கேள்விகள் வரும். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவிக்கு விடை தெரியும். வெயில் எந்த மூலையிலிருந்து வரும் என்பதை அவள் பிறந்த வீட்டுத் திண்ணையிலேயே கற்றவள். அதை ஆங்கிலத்தில் கோக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிடும்.

இந்த ஜூரி எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் எக்கோல் தெ போஸார் என்ற நுண்கலைப் பள்ளி உலகத்துக்கே மாதிரியாக இருந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு ஆசிரியரின் பட்டறையில் சேர்ந்து வேலை செய்வார்கள். கெடு நெருங்கியதும் தெருவில் ஒரு கைவண்டி வரும். படங்களை அதில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். கடைசிக் கோட்டை வண்டி மேலேயே போட்டவர்கள் உண்டு என்பார்கள். அந்தக் கைவண்டியின் பிரெஞ்சுப் பெயர்தான் இன்றும் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் கெடுவுக்கு முந்தைய ஓட்டத்துக்குப் பெயராக வழங்குகிறது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த படங்களை நடுவர் குழு கூடிப் பார்க்கும். அந்த அறைக்குள் மாணவருக்கு இடமில்லை. கதவு சாத்தியிருக்கும். படம் தனியாகத் தன்னைத் தானே விளக்க வேண்டும்.

மாணவர் எதிரே நின்று வாயால் விளக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள் வழியாக, பிற்பாடு வந்து சேர்ந்தது. நல்ல எண்ணத்தில் வந்த மாற்றம்தான். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போவதைவிட, எதிரே நின்று வாதாடுவது மேல். பேச்சு என்பது ஜூரியோடு கூடப் பிறந்ததல்ல, பின்னால் சேர்ந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ மாணவர் தம் தாய்மொழியில் பேசுகிறார். இங்கே அதே வழக்கம் வேற்று மொழித் தேர்வையும் தூக்கிக்கொண்டு வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் நடுப்புள்ளி 1957. அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக இருப்பது அதுதான். மாணவர் வாயில் அது எஸ்.ஏ.பி. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் அங்கமாயிற்று. அதே 1957இல் மாமல்லபுரத்தில் தமிழக அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். அதுவே வளர்ந்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாயிற்று.

இரண்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். கிண்டி எஸ்.ஏ.பி.யில் டி-ஸ்குவேர், செட் ஸ்குவேர், டிரேசிங் பேப்பர். நவீனக் கட்டடக்கலை, ஆர்.சி.சி., நகரத் திட்டமிடல்; பாடம் ஆங்கிலத்தில். மாமல்லபுரத்தில் உளி, சுத்தியல், சுண்ணாம்பு, பஞ்சலோகம், தாலமானக் கணக்கு. பாடம் தமிழில், சூத்திரங்கள் சமஸ்கிருதத்தில். கிண்டியில் படித்தவர் ஆர்க்கிடெக்ட். 1972இல் வந்த ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் அந்தப் பட்டத்தைப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் உரியதாக்கியது. அங்கீகாரம் பெற்ற ஐந்தாண்டுப் படிப்புதான் அந்தப் பதிவுக்கு வழக்கமான வழி. மாமல்லபுரத்தில் படித்தவர் ஸ்தபதி. கருங்கல்லில் ஏழுநிலைக் கோபுரத்தை எழுப்பத் தெரிந்திருந்தாலும் அவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே.

ஒரே ஆண்டில், ஒரே அரசியல் சூழலில், ஒரே கடற்கரையில் தொடங்கிய இரண்டு பள்ளிகளும் முதல் நாளிலிருந்தே கைகோத்திருந்தால் தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக் கல்வி வேறு உருவம் பெற்றிருக்கும். கைவினையும் கணக்கும் தமிழில் ஒரு பக்கம், நவீன அறிவு ஆங்கிலத்தில் மறுபக்கம் என்று பிரிந்தது நம் இழப்பு.

பிளவைத் தாண்டி நடந்த ஒருவர் கணபதி ஸ்தபதி. வைத்தியநாத ஸ்தபதியின் மகன். பிள்ளையார்பட்டிச் சிற்பி மரபு. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றார். பழனி கோயிலில் ஸ்தபதியாக இருந்துவிட்டு மாமல்லபுரம் கல்லூரிக்கு வந்தார். 1988 வரை அதன் பொறுப்பில் இருந்தார். வள்ளுவர் கோட்டத்துக் கல்தேரும், 2000ஆம் ஆண்டு முதல் நாள் திறக்கப்பட்ட கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையும் அவர் கைவண்ணம். சிற்பச் செந்நூல் என்ற நூலைத் தமிழில் எழுதினார். ஹவாய்த் தீவில் எழுப்பிய கருங்கல் கோயிலுக்காக வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார், எழுதினார். கடலில் காற்றையும் நிலநடுக்கத்தையும் தாங்க வேண்டிய சிலைக்கு மரபுக் கணக்கும் பொறியியல் கணக்கும் ஒருங்கே வேண்டியிருந்தன. இரண்டு மொழியிலும் சிந்திக்கத் தெரிந்தவரால் அதைச் செய்ய முடிந்தது. இப்படிப்பட்டவர் ஒருவராக நின்றுவிட்டார் என்பதுதான் வருத்தம். ஒரு கல்லூரி முழுக்க இப்படிப்பட்டவர்களை உருவாக்கியிருக்கலாம்.

1957க்கு இன்னொரு பிறப்பும் உண்டு. தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம் அந்த ஆண்டில்தான் தோன்றியது. நாசா என்பது அதன் சுருக்கப் பெயர். ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஊரில் மாநாடு கூடும். ரயிலில் ஷீட்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அசாம், பஞ்சாப், கேரள மாணவர்களோடு ஒரே கூடத்தில் தங்கி, ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கும் இடம். மதிப்பெண் போடுகிற ஆள் எதிரே இல்லை. வங்காளிப் பையனின் ஆங்கிலமும் தப்பு, மதுரைப் பெண்ணின் ஆங்கிலமும் தப்பு. இருவரும் விடிய விடியப் பேசுவார்கள். தமிழ்வழியில் வந்த மாணவர் பலருக்கு நாக்கு முதன்முதலாக விடுபடுவது இங்கேதான்.

ஆங்கிலம் இவர்களுக்கு உண்மையில் எப்படி வருகிறது என்று கவனித்தால், இலக்கண வகுப்பிலிருந்து வருவது குறைவு. படத்திலிருந்து வருகிறது. பிரான்சிஸ் சிங் 1979இல் வெளியிட்ட வடிவம், வெளி, ஒழுங்கு பற்றிய நூல் இன்றும் முதலாண்டு மாணவர் கையில் இருக்கிறது. பக்கம் முழுக்கக் கையால் வரைந்த படங்கள். பக்கத்தில் கையால் எழுதியது போன்ற எழுத்தில் இரண்டு மூன்று வரிகள். ஒரு சுவரை நகர்த்தினால் அறை எப்படித் திறந்துகொள்கிறது என்று படம் காட்டும்; அதற்குரிய ஆங்கில வரி கீழேயே இருக்கும். படம் முதலில் புரிந்துவிடுவதால் வரியும் புரிகிறது. அகராதி வேண்டியதில்லை. சிங் இதை ஆங்கிலப் பாடநூலாக எழுதவில்லை. தமிழ்நாட்டில் அது அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பக்கத்து அலமாரியில் இருக்கும் நொய்ஃபெர்ட்டின் அளவு நூலும் கவனிக்கத் தக்கது. கட்டிலின் நீளம், படியின் உயரம், சமையலறை மேடைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று எதைத் தேடினாலும் அதில் கிடைக்கும். 1936இல் ஜெர்மன் மொழியில் வெளியானது. ஆங்கிலத்தில் வர 1970 ஆயிற்று. ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் படித்தே உலகத்துக்குக் கொடுக்கத் தக்க கையேட்டை உருவாக்கினார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடவும், பாயில் படுக்கவும், அம்மியில் அரைக்கவும் எவ்வளவு இடம் வேண்டும் என்ற அளவுகளைத் தமிழ் மாணவர் அந்த நூலில் தேடிப் பயனில்லை. அவற்றை அவரே அளந்து எழுத வேண்டியிருக்கிறது.

பிறகு கணினி வந்தது. 1982இல் வெளியான ஆட்டோகேட் 1990களில் சென்னை அலுவலகங்களில் டிராஃப்டிங் போர்டுகளை ஓரங்கட்டத் தொடங்கியது. ஆஃப்செட், டிரிம், எக்ஸ்டெண்ட், மிரர், ஹேட்ச் என்று ஆங்கில வினைகளைத் தட்டினால் திரையில் உடனே நடக்கிறது. டிரிம் என்று தட்டினால் கோடு வெட்டுப்படும். மிரர் என்றால் மறுபாதி தானே வரும். இரண்டு வருடத்தில் நூறு வினைச்சொற்கள் விரலில் ஏறிவிடும். ஆனால் கட்டளை கொடுக்கும் ஆங்கிலம் வேறு, காரணம் சொல்லும் ஆங்கிலம் வேறு. ஜூரியில் கேட்பது இரண்டாவதை. அதைக் கற்றுத்தரும் பொறுப்பைக் கல்லூரி ஏற்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர் தமிழில் விளக்கவும், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதவும் இடம் கொடுத்தால் வடிவமும் வளரும், மொழியும் வளரும். பல ஆசிரியர்கள் தாங்களாகவே இதைச் செய்கிறார்கள். ஷீட்டுக்கு அருகே வந்து, “சரி, தமிழ்லயே சொல்லும்மா” என்பார் ஒருவர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வரும் விளக்கத்தைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

தமிழில் உயர்கல்வித் தொழிற்படிப்பு நடக்காது என்பாருக்கு யாழ்ப்பாணம் பதில் சொல்லும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு முதலான பாடநூல்களைத் தமிழாக்கினார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. சிவிலுக்குத் தமிழில் எழுதிய பாடம் ஆர்க்கிடெக்சர் மாணவருக்கும் பயன்படும். ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் வாதம் அல்ல இது. ஆங்கிலம் வேண்டும். அது இல்லாமல் நாசாவும் இல்லை, ராம் ராஸின் நூலும் இல்லை. ஆங்கிலம் வரும் வரை மாணவரின் அறிவு காத்திருக்கக் கூடாது என்பதே கேட்பது.

தமிழ் மட்டுமே கதவைத் திறக்கும் இடங்களும் இந்தப் படிப்பில் உண்டு. மெட்ராஸ் டெரஸ் என்ற மாடித் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகளுக்கு நடுவே மெல்லிய செங்கற்கள் சாய்வாக அணிவகுத்திருப்பது தெரியும். அச்சுக்கல் என்பார்கள், ஓரங்குலக் கனம். கட்டைக்குக் கட்டை குறுக்கே, மூலைவாட்டத்தில், கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டுக் கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு.

ஆங்கிலக் கட்டுமான நூல்களில் இந்தத் தளத்துக்கு ஒரு குறுக்குவெட்டுப் படமும் ஒரு பத்தியும் கிடைக்கும். சாந்து எத்தனை நாள் புளிக்க வேண்டும், கடுக்காயை முழுதாகப் போடுவதா தட்டிப் போடுவதா, அடிக்கிற சத்தம் எப்படி மாறினால் நிறுத்தலாம் என்பதெல்லாம் கொத்தனாரிடம் கேட்டால்தான் வரும். இங்கே ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த மாணவர் திணறுவார். ஜூரியில் நாக்கு ஒட்டிக்கொண்ட அதே பெண், தளத்தில் பெரியவரிடம், “ஐயா, இந்தச் சாந்த என்ன பதத்துல எடுப்பீங்க?” என்று கேட்டு ஒரு மணி நேரப் பாடம் வாங்கிவருவாள்.

அளந்து வரையும் படிப்பு என்று ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. மாணவர் கூட்டம் கானாடுகாத்தானுக்கோ தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ போய்த் தங்கும். ஒருத்தி டேப்பின் நுனியைப் பிடிப்பாள், ஒருவன் அளவைக் கத்துவான், இன்னொருவன் கிராஃப் தாளில் குறிப்பான். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு பகுதியும் எதற்கு, யார் எங்கே உட்காருவார்கள், நெல் எங்கே காயும், கல்யாணத்தன்று பந்தி எங்கே என்று வீட்டு ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். நாசாவில் லூயி கான் பெயரில் இருக்கும் கோப்பை இத்தகைய ஆவணப் பணிக்கு உரியது. அதற்காக மாதக்கணக்கில் உழைப்பவர்கள் உண்டு.

குறிப்பேட்டில் தமிழில் ஏறியதெல்லாம் விடுதிக்குத் திரும்பியதும் ஆங்கில அறிக்கையாகிறது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த தோழி வரைவு போடுவாள். ஆச்சி சொன்னதைக் கேட்டு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள். இப்படி வேலை செய்யும் இரண்டு பேரும் அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வது அதிகம்: ஒருத்திக்கு ஆங்கிலம் வருகிறது, மற்றவளுக்கு வீடு புரிகிறது. அறிக்கை கெட்டி அட்டை போட்டுக் கல்லூரி நூலகத்துக்குப் போகும். தமிழ்க் குறிப்பேடு பழைய பேப்பர்காரருக்குப் போகும்.

அந்தக் குறிப்பேடுகளைத்தான் காப்பாற்ற வேண்டும். சுண்ணாம்புப் பதம், மரச்சட்டம் கோக்கும் முறை, செட்டிநாட்டுப் பூச்சு, ஓடு வேயும் கணக்கு என்று கொத்தனாரும் தச்சரும் ஆச்சிகளும் சொன்ன சொல் மாறாமல் அவற்றில் இருக்கிறது. எஸ்.ஏ.பி.யும் மாமல்லபுரமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் சேர்ந்தால், படத்தோடு கூடிய தமிழ்க் கட்டுமானக் கையேட்டின் முதல் தொகுதியைச் சில ஆண்டுகளில் கொண்டுவர முடியும். மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கைகள் இப்போது சென்னையில் குறைவு. தொடங்குவதானால் அந்தத் தளத்திலிருந்தே தொடங்கலாம்.